அரச பயங்கரவாதமும் நியாயமான எதிர்ப்பும்: பிரித்துக் கேட்க வேண்டிய இரண்டு கேள்விகள்

1979 ஜூலையில் இலங்கை நாடாளுமன்றம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நிறைவேற்றியது. அதே மாதத்தில் யாழ்ப்பாணத்தில் அவசரகால நிலை பிரகடனப்படுத்தப்பட்டது. ஜனாதிபதி ஜே. ஆர். ஜயவர்த்தன, பிரிகேடியர் வீரதுங்கவை இங்கு அனுப்பி, அவ்வாண்டு டிசம்பர் 31 ஆம் திகதிக்குள் பயங்கரவாதத்தை முற்றாக ஒழித்துவிட வேண்டும் என்று பணித்தார். அந்த ஜூலை மாதத்திலேயே வீட்டிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட இளைஞர் இருவரின் உடல்கள் பண்ணைப் பாலத்தடியில் கிடந்தன. பயங்கரவாதத்தை ஒழித்து முடிக்க நாள் குறித்த அரசு, பயங்கரவாதம் என்றால் என்ன என்பதைத் தன் சட்டத்தின் எந்தப் பிரிவிலும் எழுதவில்லை. மூன்று ஆண்டுகளுக்கான தற்காலிக ஏற்பாடு என்று கொண்டுவரப்பட்ட அச்சட்டம் 1982 இல் நிரந்தரமாக்கப்பட்டு, நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக இத்தீவில் ஆட்களைப் பிடித்து வைக்கும் கருவியாக இருந்துவந்திருக்கிறது.

வரைவிலக்கணம் இல்லாத இடத்தில் பட்டியல் ஒன்று இருந்தது. கொலை, ஆட்கடத்தல், ஆயுதம் வைத்திருத்தல் ஆகியவற்றோடு, வீதியோரத்திலோ பொது இடத்திலோ உள்ள பலகையொன்றின் எழுத்துகளை அழிப்பதும் சிதைப்பதும் அச்சட்டத்தின் 2 ஆம் பிரிவில் குற்றங்களாகச் சேர்க்கப்பட்டன. வாகனத் தகடுகளில் சிங்கள ஸ்ரீ எழுத்துக்குத் தார் பூசிய 1958 ஆம் ஆண்டுப் போராட்டம் நினைவில் உள்ளவர்களுக்கு, அந்த வரி யாரை மனத்தில் கொண்டு எழுதப்பட்டிருக்கக்கூடும் என்று விளக்கத் தேவையில்லை. எல்லை வகுக்கப்படாத சட்டம் எதுவரை நீளும் என்பதற்குக் கிட்டிய உதாரணமும் உண்டு. யாழ். மாநகரசபை நகரின் தூய்மையைக் கண்காணிப்பதற்கென்று நியமித்த சிறு குழுவின் சீருடை, விடுதலைப் புலிகளின் காவல்துறைச் சீருடையை ஒத்திருந்தது என்று சொல்லி, 2021 ஏப்ரலில் பயங்கரவாதத் தடுப்புப் பிரிவினர் அப்போதைய மாநகர முதல்வரைக் கைதுசெய்தனர். அன்றே அவர் பிணையில் விடப்பட்டார். ஆனால் ஒரு சட்டையின் நிறத்தை வைத்து நகரின் முதல்வரையே விசாரிக்க முடியுமென்றால், சந்தியில் நிற்கும் சாதாரண இளைஞனின் நிலை என்ன என்று ஊர் முழுவதும் யோசித்தது.

இச்சட்டம் நடைமுறையில் எவ்வாறு இயங்குகிறது என்பதைச் சிங்கராசா வழக்கைப் போல் தெளிவாகக் காட்டும் வழக்கு வேறில்லை. 1993 இல் மட்டக்களப்பில் கைதான அவர் மீது, யாழ்ப்பாணக் கோட்டை, பலாலி, காங்கேசன்துறை, ஆனையிறவு ஆகிய இராணுவ முகாம்களைத் தாக்கச் சதி செய்ததாகக் குற்றம் சாட்டப்பட்டது. அவருக்கு எதிராக இருந்த ஒரே சாட்சியம் பொலிஸாரிடம் அவர் கொடுத்ததாகச் சொல்லப்பட்ட குற்ற ஒப்புதல் வாக்குமூலம். அது சிங்களத்தில் தட்டச்சு செய்யப்பட்டிருந்தது. அவருக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது. அதன் கீழே அவருடைய பெருவிரல் அடையாளம் இருந்தது. சாதாரண சட்டத்தின்படி பொலிஸ் அதிகாரியிடம் கொடுக்கப்படும் ஒப்புதல் வாக்குமூலத்தை நீதிமன்றம் ஏற்காது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 16 ஆம் பிரிவோ, உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத ஒருவரிடம் கொடுக்கப்பட்டால் அதைச் சாட்சியமாக ஏற்கிறது. அடித்துப் பெறப்பட்டதென்றால் அதை நிரூபிக்கும் சுமையையும் குற்றம் சாட்டப்பட்டவரின் தலையிலேயே வைக்கிறது. சிங்கராசாவுக்கு 50 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டு, மேன்முறையீட்டில் 35 ஆண்டாகக் குறைக்கப்பட்டது. 2004 இல் ஐ.நா. மனித உரிமைகள் குழு அவருக்கு நியாயமான விசாரணை மறுக்கப்பட்டதென்று முடிவு செய்தது. 2006 இல் உயர் நீதிமன்றம், அந்தக் குழுவிடம் முறையிடும் உரிமையைத் தந்த உடன்பாட்டில் இலங்கை இணைந்ததே அரசியலமைப்புக்கு ஒவ்வாதது என்று தீர்ப்பளித்தது.

இத்தகைய ஒரு சட்டமும் அதன் நிழலில் நடந்தவையும் சேர்ந்த முழு அமைப்பையே எங்கள் அரசியல் பேச்சு ‘அரச பயங்கரவாதம்’ என்று அழைக்கிறது. மேடைகளிலும் துண்டுப்பிரசுரங்களிலும் பல பத்தாண்டுகளாகப் புழங்கும் தொடர் இது. அதற்குள் இருக்கும் உண்மையைச் சந்தேகிக்க யாழ்ப்பாணத்தில் பிறந்த எவராலும் முடியாது: 1974 ஜனவரி 10 அன்று உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டின் இறுதிநாளில் பொலிஸார் கூட்டத்துக்குள் புகுந்தபோது போன 9 உயிர்கள், 1981 ஜூன் முதலாம் நாள் எரிந்த பொது நூலகமும் அதிலிருந்த சுமார் 97,000 நூல்களும், 1995 ஜூலை 9 அன்று நவாலித் தேவாலயத்தில் அடைக்கலம் புகுந்திருந்தோர் மீது விழுந்த குண்டுகள். இருந்தும், ஜெனீவாவிலோ வெளிநாட்டு நீதிமன்றமொன்றிலோ இத்தொடரை முன்வைக்கும்போது அது பிடிமானமின்றி வழுக்கிப்போகிறது. அதற்கான காரணம் சர்வதேச சட்டத்தின் வரலாற்றில் இருக்கிறது.

1937 இல், ஐ.நா.வுக்கு முன்பிருந்த சர்வதேச சங்கம் பயங்கரவாதத்துக்கு எதிரான முதல் உடன்படிக்கையைத் தயாரித்தபோது, அரசுக்கு எதிராகச் செய்யப்படும் குற்றச் செயல்கள் என்றே பயங்கரவாதத்தை வரையறுத்தது. வரைவிலக்கணத்தின் வாசலிலேயே அரசு வெளியே நிறுத்தப்பட்டது. அந்த உடன்படிக்கை நடைமுறைக்கு வரவேயில்லை. அன்று பிரித்தானிய ஆட்சியின் கீழிருந்த இந்தியா மட்டுமே அதை உறுதிப்படுத்தியது. ஆயினும் அதன் பார்வை நிலைத்துவிட்டது. 1996 முதல் ஐ.நா.வில் நடந்துவரும் முழுமையான உடன்படிக்கைக்கான பேச்சு இரண்டே முட்டுக்கட்டைகளில் நிற்கிறது: அரசுகளின் ஆயுதப் படைகள் செய்வது அதற்குள் வருமா, அந்நிய ஆக்கிரமிப்புக்கு எதிராகப் போராடும் மக்கள் இயக்கங்கள் விலக்கப்படுமா? ஐ.நா. செயலாளர் நாயகம் நியமித்த உயர்மட்டக் குழு 2004 இல் இவ்விரண்டுக்கும் பதில் சொல்ல முயன்றது. அரசுகளின் அத்துமீறல்களைத் தடுக்க ஏற்கெனவே வலுவான சட்டங்கள் இருக்கின்றன என்றும், ஆக்கிரமிப்பு நடக்கிறது என்பதற்காகப் பொதுமக்களைக் கொல்வது சரியாகிவிடாது என்றும் அது கூறியது. இரண்டாவது பதிலை நான் முழுமையாக ஏற்கிறேன். முதலாவதில் பாதிதான் உண்மை. வலுவான சட்டங்கள் இருக்கின்றன. அவற்றை அரசுக்கு எதிராக நடைமுறைப்படுத்த எங்களைப் போன்ற மக்களிடம் கதவு எதுவும் திறந்திருக்கவில்லை.

அந்தச் சட்டங்கள் எவை என்பதை அறிந்திருப்பது அவசியம். 1949 ஆம் ஆண்டின் நான்காவது ஜெனீவா உடன்படிக்கையின் 33 ஆம் உறுப்புரை, தன் கட்டுப்பாட்டிலுள்ள மக்கள் மீது அச்சுறுத்தலையும் பயங்கரவாதத்தையும் ஏவும் எல்லா நடவடிக்கைகளையும் தடைசெய்கிறது. அங்கு அச்சொல் குறிப்பது ஆட்சி செலுத்தும் தரப்பையே. நாடுகளுக்கிடையிலான போரை முன்னிட்டு எழுதப்பட்டதால் உள்நாட்டுப் போரான எங்கள் நிலைக்கு அந்த உறுப்புரை நேரடியாகப் பொருந்தாது. உள்நாட்டுப் போருக்கு நான்கு உடன்படிக்கைகளுக்கும் பொதுவான 3 ஆம் உறுப்புரை பொருந்தும்: ஆயுதம் ஏந்தாதவரையும் ஆயுதத்தைக் கீழே வைத்தவரையும் கொல்லவோ வதைக்கவோ பணயமாக வைக்கவோ கூடாது. பொதுமக்களிடையே பயங்கரத்தைப் பரப்புவதையே முதன்மை நோக்கமாகக் கொண்ட வன்முறையை 1977 ஆம் ஆண்டின் இரண்டாம் மேலதிக நெறிமுறை வெளிப்படையாகத் தடைசெய்கிறது. அந்நெறிமுறையில் இலங்கை இணையவில்லை; ஆனால் அதன் இவ்விதி இன்று வழமைச் சட்டமாகக் கருதப்படுகிறது. இவற்றோடு மானிடத்துக்கு எதிரான குற்றம் என்ற வகையும் உண்டு. பொதுமக்களுக்கு எதிராகப் பரந்த அளவிலோ திட்டமிட்ட முறையிலோ நடத்தப்படும் தாக்குதலின் பகுதியான கொலை, சித்திரவதை, காணாமல் ஆக்குதல் ஆகியவை அதற்குள் அடங்கும். ‘அரச பயங்கரவாதம்’ என்று நாம் சொல்வதில் பெரும்பகுதிக்குச் சட்டத்தில் இருக்கும் பெயர் இதுதான். 2015 செப்டெம்பரில் வெளியான ஐ.நா. மனித உரிமைகள் அலுவலகத்தின் விசாரணை அறிக்கை இந்தச் சொற்களிலேயே பேசுகிறது.

இனி எதிர்ப்பின் பக்கம். 1948 ஆம் ஆண்டின் உலக மனித உரிமைப் பிரகடனத்தின் முகவுரை, கொடுங்கோன்மைக்கும் ஒடுக்குமுறைக்கும் எதிராகக் கடைசி வழியாகக் கிளர்ந்தெழும் நிலைக்கு மனிதர் தள்ளப்படாதிருக்க வேண்டுமானால், உரிமைகள் சட்டத்தால் காக்கப்பட வேண்டும் என்கிறது. கடைசி வழி என்ற அந்தச் சொற்களை யாழ்ப்பாணத்தின் வரலாற்றோடு வைத்துப் படிக்க வேண்டும். 1961 பெப்ரவரி 20 அன்று தமிழரசுக் கட்சித் தலைவர் தந்தை செல்வாவின் தலைமையில் யாழ். கச்சேரி (மாவட்ட அரச செயலகம்) வாசலில் தொடங்கிய சத்தியாக்கிரகம், ஆணும் பெண்ணுமாய் ஆயிரக்கணக்கானோர் அமர்ந்திருக்க, ஏறக்குறைய இரு மாதங்கள் சிவில் நிர்வாகத்தை நிறுத்திவைத்தது. ஒரு கல்லும் எறியப்படாத அந்தப் போராட்டத்துக்கு ஏப்ரல் 17 அன்று கிடைத்த பதில், அவசரகாலப் பிரகடனமும் இராணுவமும் தலைவர்களின் தடுப்புக்காவலும். 1956 இல் தனிச்சிங்களச் சட்டத்தை எதிர்த்துக் கொழும்பு காலிமுகத்திடலில் அமர்ந்தவர்களுக்கும் அடிதான் கிடைத்தது. வேறு வழிகள் தேடப்படாமல் ஆயுதம் எடுக்கப்பட்டது என்று சொல்வோர் இந்த ஆண்டுகளைக் கடந்து போய்விடுகிறார்கள்.

குடியேற்ற ஆட்சிக்கும் அந்நிய ஆக்கிரமிப்புக்கும் இனவாத ஆட்சிக்கும் எதிராகச் சுயநிர்ணய உரிமைக்காகப் போராடும் மக்களின் போரை, 1977 ஆம் ஆண்டின் முதலாம் மேலதிக நெறிமுறை சர்வதேசப் போராகவே ஏற்கிறது. ஆயுதப் போராட்டம் உட்படக் கிடைக்கும் எல்லா வழிகளாலும் அத்தகைய மக்கள் போராடுவது நியாயமானது என்று ஐ.நா. பொதுச் சபை 1982 இல் 37/43 ஆம் தீர்மானத்தில் கூறியது. ஈழத் தமிழர் அந்த மூன்று வகைகளுள் எதற்குள் வருவர் என்ற வாதம் நீண்டது. அரசுகள் அதை ஏற்கவில்லை, இலங்கையும் அந்நெறிமுறையில் சேரவில்லை. அந்த வாதத்தில் நாம் வென்றிருந்தாலும் ஒரு கடமை கூடவே வந்திருக்கும் என்பதைத்தான் எங்கள் மேடைகள் பெரும்பாலும் சொல்லாமல் விட்டன. அதே நெறிமுறைதான் பொதுமக்களைத் தாக்கக்கூடாது என்ற தடையைப் போராடும் இயக்கத்தின் மீதும் அப்படியே சுமத்துகிறது.

இங்கேதான் இரண்டு கேள்விகளைப் பிரிக்க வேண்டியிருக்கிறது. ஒரு மக்கள் எழுவதற்கு நியாயம் இருக்கிறதா என்பது ஒரு கேள்வி. அந்த எழுச்சியின் பெயரால் குறிப்பிட்ட நாளில், குறிப்பிட்ட இடத்தில் செய்யப்பட்ட செயல் சட்டத்துக்கும் மனச்சாட்சிக்கும் உட்பட்டதா என்பது வேறு கேள்வி. முதலாவதற்கு ஆம் என்று சொன்னால் இரண்டாவதற்கும் ஆம் என்று சொன்னதாகிவிடும் என எங்கள் பக்கம் நினைத்தது. இரண்டாவதற்கு இல்லை என்று காட்டிவிட்டால் முதலாவது கேள்வியே மறைந்துவிடும் என அரசு நினைத்தது, இன்னும் நினைக்கிறது.

தென்னாபிரிக்கா இதைப் பிரித்துக் காட்டியது. ஆபிரிக்கத் தேசிய காங்கிரஸ் 1980 இல் ஜெனீவா உடன்படிக்கைகளையும் முதலாம் நெறிமுறையையும் பின்பற்றுவதாகச் செஞ்சிலுவைச் சங்கத்திடம் எழுத்தில் உறுதியளித்தது. இருந்தும் 1983 இல் பிரிட்டோரியாவின் சேர்ச் வீதியில் விமானப்படைத் தலைமையகத்தைக் குறிவைத்து வெடித்த கார்க்குண்டில் வழிப்போக்கர்களும் மாண்டனர். விடுதலைக்குப் பின் அமைந்த உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழு தன் 1998 ஆம் ஆண்டு அறிக்கையில், நிறவெறி ஆட்சி மானிடத்துக்கு எதிரான குற்றம் என்றது. அதை எதிர்த்த போராட்டம் நியாயமானது என்றது. அதே அறிக்கையில், பொதுமக்கள் இறந்த செயல்களுக்கு விடுதலை இயக்கமும் பொறுப்பு என்றது. அப்போது ஆட்சியிலிருந்த அந்தக் கட்சி அறிக்கையைத் தடுக்க நீதிமன்றம் போய்த் தோற்றது. மண்டேலாவின் பெயரோ 2008 வரை அமெரிக்காவின் பயங்கரவாதக் கண்காணிப்புப் பட்டியலில் இருந்தது. ஒரு மனிதரை எந்தப் பட்டியலில் சேர்ப்பது என்ற அரசியல் முடிவுக்கும், எந்தச் செயல் குற்றம் என்ற விசாரணைக்கும் எவ்வளவு தூரம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

எங்கள் கண்முன்னும் அது நடந்தது. விடுதலைப் புலிகளை இலங்கை அரசு 1998 ஜனவரியில், கண்டியின் பௌத்த ஆலயமான தலதா மாளிகை மீதான தாக்குதலின் பின் தடைசெய்தது. 2002 செப்டெம்பரில் பேச்சுவார்த்தைக்காகத் தடையை நீக்கியது. 2009 ஜனவரியில் கிளிநொச்சி வீழ்ந்தபின் மீண்டும் தடைசெய்தது. தடையோ நீக்கமோ அவ்வியக்கத்தின் செயல்களை ஆராய்ந்த எந்த நீதிமன்றத் தீர்ப்பின் விளைவும் அல்ல. மாறியது போரின் போக்கு மட்டுமே. ஐரோப்பிய ஒன்றியத்தில், பத்திரிகைச் செய்திகளை ஆதாரமாகக் கொண்டு தடைப்பட்டியலில் வைத்தது சரியல்ல என்று 2014 இல் பொது நீதிமன்றமும், 2017 இல் ஐரோப்பிய நீதிமன்றமும் தீர்ப்பளித்தன. இங்கு அதை இயக்கத்தின் வெற்றியாகக் கொண்டாடினர். ஆனால் ஆயுதப் போரில் ஈடுபட்டிருப்பதால் பயங்கரவாதச் சட்டம் தமக்குப் பொருந்தாது என்ற இயக்கத்தின் வாதத்தை 2014 ஆம் ஆண்டுத் தீர்ப்பு நிராகரித்தது என்பதைப் பலர் வாசிக்கவில்லை.

பெயரை விட்டுச் செயலை மட்டும் பார்ப்பது என்றால் என்ன என்பதற்கு அடுத்தடுத்து வந்த இரண்டு நாட்களை எடுத்துக்கொள்ளலாம். 1985 மே 14 அன்று விடுதலைப் புலிகள் அநுராதபுரத்துக்குள் நுழைந்து, பஸ் நிலையத்திலும் ஸ்ரீ மகாபோதியிலும் நூற்றுக்கும் மேற்பட்டோரைச் சுட்டுக்கொன்றனர். அவர்களுள் பெண்களும் பிள்ளைகளும் வழிபட வந்தோரும் துறவிகளும் இருந்தனர். மறுநாள் மே 15 காலை, நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குப் புறப்பட்ட குமுதினிப் படகை நயினாதீவுக்கு அண்மையில் கடற்படையினர் மறித்தனர். பயணிகள் ஒவ்வொருவராக அழைக்கப்பட்டு வாளாலும் கோடரியாலும் வெட்டப்பட்டனர், கைக்குழந்தையும் தப்பவில்லை. வேலைக்கும் சந்தைக்கும் வைத்தியசாலைக்கும் என்று படகேறியவர்கள் அவர்கள். இறந்தோர் எவரும் ஆயுதம் ஏந்தவில்லை. கொல்லப்பட்டதற்கான காரணம் இரு இடங்களிலும் அவர்கள் பிறந்த இனம். நோக்கம் இரு இடங்களிலும் உயிரோடிருக்கும் மற்றவர்களை நடுங்கவைப்பது. ஒன்றைப் பயங்கரவாதம் என்றும் மற்றதைப் பாதுகாப்பு நடவடிக்கை என்றும், அல்லது ஒன்றை அரச பயங்கரவாதம் என்றும் மற்றதைப் பதிலடி என்றும் பிரிப்பதற்கு, செயலுக்குள் இருந்து எந்தக் காரணத்தையும் எவராலும் எடுத்துக்காட்ட முடியாது.

1990 ஒக்டோபர் 30 அன்று யாழ்ப்பாண முஸ்லிம்களை இரண்டு மணி நேர அவகாசத்தில் வீட்டையும் நகையையும் விட்டு வெளியேற்றியதும் அப்படியே. ஐந்து சந்தியிலும் சோனகத் தெருவிலும் தலைமுறைகளாக வாழ்ந்த அயலவரைத் துரத்திய அச்செயலை எதிர்ப்புப் போராட்டத்தின் பகுதி என்று சொல்வதற்கு என்னால் இயலாது. மாற்றுக் கருத்துச் சொன்ன தமிழர்களைக் கொன்றதும், பிள்ளைகளைப் படையில் சேர்த்ததும், இறுதிப் போரில் வெளியேற முயன்ற மக்களைச் சுட்டதும் அவ்வாறே. இவற்றைச் சொல்வது அரசின் வாதத்துக்குத் துணைபோவதாகும் என்று அஞ்சுவோர் இன்னும் இருக்கிறார்கள். என் எண்ணம் நேர்மாறானது: நாம் இவற்றைச் சொல்லாமல் விடும்போதுதான் முள்ளிவாய்க்காலைப் பற்றிய எங்கள் சாட்சியம் கட்சிக்காரரின் சாட்சியமாகக் கேட்கப்படுகிறது.

அளவுகோல் ஒன்று என்பதால் இரு தரப்பின் பொறுப்பும் சமம் என்றாகாது. அரசிடம் நீதிமன்றம் இருக்கிறது, பொலிஸ் இருக்கிறது, தன் குடிமக்களைக் காக்கும் ஒப்பந்தக் கடமை இருக்கிறது. ஆகவே அதன் படைகள் குற்றம் செய்வது ஒரு தவறு. அதை விசாரிக்க மறுப்பது தனியான, சில வேளை அதைவிடப் பெரிய தவறு. 2000 டிசம்பரில் தம் வீடுகளைப் பார்க்கப் போன 8 பேர் மிருசுவிலில் கழுத்தறுக்கப்பட்டார்கள். 5 வயதுக் குழந்தையும் அவர்களுள் ஒன்று. 15 ஆண்டுகளின் பின் படைவீரர் ஒருவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டு, உயர் நீதிமன்றம் 2019 இல் அதை உறுதிசெய்தது. 2020 மார்ச்சில் ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ அவருக்குப் பொதுமன்னிப்பு வழங்கினார். அரிதாக முடிவுவரை போன வழக்கின் முடிவு அது.

செம்மணியில் நூற்றுக்கணக்கானோர் புதைக்கப்பட்டிருக்கிறார்கள் என்று, பாடசாலை மாணவி கிருசாந்தியின் கொலை வழக்கில் மரண தண்டனை பெற்ற படைவீரர் 1998 இலேயே நீதிமன்றத்தில் சொன்னார். 1999 இல் 15 உடல்கள் தோண்டப்பட்டன, அதோடு நின்றது. 2025 இல் சித்துப்பாத்தி மயானத்தில் கட்டட வேலைக்கு மண் வெட்டியபோது எலும்புகள் தெரிந்தன. நீதிமன்ற மேற்பார்வையில் நடந்த அகழ்வில் 200 க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிவந்தன. சிறு பிள்ளையொன்றின் எலும்புகளோடு நீலநிறப் புத்தகப் பையும் விளையாட்டுப் பொருளும் இருந்தன. குழியில் உள்ளவர்கள் யார், எப்போது, யாருடைய கட்டளையின் கீழ் இறந்தார்கள் என்பதை நிறுவுவதற்கு ‘அரச பயங்கரவாதம்’ என்ற முழக்கம் உதவாது. எலும்பின் காலம், துணியின் அடையாளம், அப்போது அப்பகுதிக்குப் பொறுப்பாயிருந்த படைப்பிரிவின் பதிவேடு, உயிரோடிருக்கும் தாயின் மரபணு என்பவையே உதவும். சொல்லை விட்டுவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வீதியில் அது மக்களின் அனுபவத்தைச் சுருக்கிச் சொல்கிறது. நீதிமன்றத்தில் அதைக் குற்றத்தின் கூறுகளாக உடைத்து ஒவ்வொன்றாக நிறுவ வேண்டியிருக்கிறது.

பயங்கரவாதத் தடைச் சட்டத்துக்குப் பதிலாக 2018 இலும் 2023 இலும் வந்த சட்டமூலங்கள் வரைவிலக்கணம் ஒன்றைத் தந்தன. ஆனால் அரசைக் கட்டாயப்படுத்துதல் போன்ற சொற்களால் அதை அகல விரித்தன. வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் யாழ்ப்பாணத்திலும் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படத்தோடு 2017 முதல் வீதியோரம் அமர்ந்துவரும் தாய்மார் அரசைக் கட்டாயப்படுத்தத்தான் முயல்கிறார்கள். தையிட்டியில் தம் காணிக்காகப் போயா நாட்களில் கூடுவோரும் அதையே செய்கிறார்கள். இத்தகைய வரைவுகளுக்கு மாற்றாக, இலங்கை ஏற்கெனவே இணைந்துள்ள 1999 ஆம் ஆண்டின் பயங்கரவாத நிதியளிப்புத் தடுப்பு உடன்படிக்கையிலேயே பொருத்தமான வரையறை இருக்கிறது: மக்களை அச்சுறுத்தவோ அரசைப் பணியவைக்கவோ, பொதுமகன் ஒருவரையோ போரில் நேரடியாகப் பங்குகொள்ளாத ஒருவரையோ கொல்லும் அல்லது கடுமையாகக் காயப்படுத்தும் நோக்கோடு செய்யப்படும் செயல். இவ்வரையறையின்படி, 1996 ஜனவரியில் கொழும்பு மத்திய வங்கியின் முன் வெடித்த குண்டு பயங்கரவாதம். 2000 ஏப்ரலில் ஆனையிறவுப் படைத்தளத்தைக் கைப்பற்றிய சமர் அதற்குள் வராது. நாட்டின் குற்றவியல் சட்டம் அதைக் கிளர்ச்சி என்று தண்டிக்கலாம், ஆனால் அது வேறு குற்றம். 1979 ஆம் ஆண்டுச் சட்டத்தில் இவ்விரண்டுக்கும் வேறுபாடு கிடையாது. பொதுமக்களை விட்டுவிலகி நிற்கும் போராளிக்கும் பஸ்ஸில் குண்டு வைப்பவனுக்கும் ஒரே பெயரும் ஒரே தண்டனையும் என்றால், விலகி நிற்பதற்குச் சட்டம் எந்தக் காரணத்தையும் தரவில்லை.

புதிய சட்டம் எதுவானாலும் இந்த வரையறைக்கு மேலே மூன்று விடயங்கள் அதில் எழுதப்பட்டாக வேண்டும்: செய்தவர் சீருடை அணிந்திருப்பது விலக்களிக்கும் காரணமாகாது; பேச்சு, எழுத்து, ஊர்வலம், நினைவேந்தல், வேலைநிறுத்தம் ஆகியவை தம்மளவில் குற்றமாகா; பொலிஸ் அதிகாரியின் முன் கொடுக்கப்படும் ஒப்புதல் வாக்குமூலம், அவர் எந்தத் தரத்தினராயினும், சாட்சியமாகாது. இவற்றுள் முதலாவதை ஏற்க எந்தக் கொழும்பு அரசும் இதுவரை முன்வரவில்லை.